கம்பியில் எழுதியிருப்பது என்ன?

"நல்ல கம்பியா குடுக்கவா, இல்ல சாதாரணம் போதுமாங்க?"

பதுளை நகரத்தில் ஒரு ஹாட்வெயார் கடை. பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து எனது அத்தை வந்திருந்தார். 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய வீட்டின் பின்பக்கமாக ஒரு அடுப்படி, அதற்கு மேலே சின்னதாக ஒரு கொங்கிரீட் தட்டு. கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் அனுப்பிய பணமும் சீட்டுப் பணமும் அவரது கைப்பையில் இருந்தன. துணைக்கு நான் போயிருந்தேன்.

"வித்தியாசம் என்னாங்க மொதலாளி?"

"வெல தான் அக்கா. மத்தபடி எல்லாம் கம்பி தானே."

எல்லாம் கம்பிதானா? கடையின் பின்னால் அடுக்கி வைத்திருந்த கம்பிகளை அத்தை தடவிப் பார்த்தார். வரிகளுக்கு இடையில் சில எழுத்துகளும் இலக்கங்களும் புடைத்துக்கொண்டு தெரிந்தன. "இதுல என்னமோ எழுதியிருக்கே" என்றார். அன்றைக்கு அதை வாசித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

யுத்தத்தில் வீடு இழந்து திரும்பக் கட்டியவர்களுக்கும், லயன் காம்பராவிலிருந்து முதல் தடவையாகத் தனி வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் இது பொதுவான விஷயம். 1958, 1977, 1983 வன்செயல்களின் பின் ஊவாவிலிருந்தும் மற்ற மலையகப் பகுதிகளிலிருந்தும் வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் இந்த இரண்டு கூட்டத்திலும் அடங்கும். வடக்கில் சீமெந்தும் கம்பியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாக இருந்த காலத்தை நம்மில் பலர் மறக்கவில்லை. அப்போது கேள்வி "கம்பி கிடைக்குமா?" என்பதுதான். இன்று கம்பி கிடைக்கிறது. எந்தக் கம்பி என்று கேட்கத்தான் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

உருக்கு இல்லாத பாலம்

வீட்டுக்குக் கம்பி எதற்கு என்பதை விளங்கிக்கொள்ள, பதுளை மாவட்டத்திலேயே அதிகம் படம் பிடிக்கப்படும் கட்டுமானத்தைப் பார்க்கலாம். எல்ல, தெமோதரை புகையிரத நிலையங்களுக்கு இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. கல், செங்கல், சீமெந்து மட்டும்தான், உருக்கு இல்லை. முதலாம் உலகப்போர் தொடங்கியதால் பாலத்துக்கு ஒதுக்கிய உருக்கு போர்முனைக்குத் திருப்பப்பட்டது என்று ஊரில் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, நூறு வருடத்துக்கு மேலாக அதன் மீது ரயில் ஓடுகிறது.

உருக்கில்லாமல் அது நிற்பதற்குக் காரணம் வளைவு. வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அமுக்குகிறது. கல்லும் கொங்கிரீட்டும் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுப்பைத்தான் தாங்காது. அத்தையின் அடுப்படித் தட்டு வளைவல்ல, தட்டை. மேலே பாரம் ஏறினால் தட்டு இலேசாகத் தொய்யும். மேல்பக்கம் அமுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். அந்த இழுப்பைத் தாங்கத்தான் தட்டின் அடிப்பக்கமாகக் கம்பி போடுகிறோம். கம்பி தரமில்லாவிட்டால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை.

தேயிலைக்குக் கிரேட் இருப்பது போல

கிரேட் என்ற சொல் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. தொழிற்சாலையில் பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் என்று தேயிலையைப் பிரிப்பார்கள். புரோக்கன் ஓரஞ்ச் பெக்கோ என்ற பெயரில் தோடம்பழம் எதுவும் கிடையாது. அந்தப் பெயர் சொல்வது இலையின் அளவையும் தோற்றத்தையும்தான். ருசி எப்படி, எந்த மலையில் பறித்தது என்பதையெல்லாம் அது சொல்லாது. ஒரு கிரேட் பெயர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். உருக்கும் அப்படித்தான்.

முன்பு உருக்குக்கு ஊர்ப் பெயர்தான் இருந்தது. தமிழகத்தில் எஃகு என்றும் நாம் உருக்கு என்றும் சொல்லும் இந்தப் பொருள், தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கடல் கடந்து போய் உலகெங்கும் பெயர் வாங்கியது. ஊவாவின் எல்லையை அண்டிய பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில், தென்மேற்குப் பருவக்காற்றையே ஊதுகுழலாக வைத்து இரும்பு உருக்கிய பழைய உலைகளை கில் ஜுலெப் என்ற தொல்லியலாளர் அகழ்ந்தெடுத்தார். சுமார் 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான காலத்தைச் சேர்ந்தவை அவை. அவரது ஆய்வு 1996இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் உருக்கு வாங்கியவர் நம்பியது செய்த ஊரையும் செய்த கையையும்.

தொழிற்சாலைகள் பெருகியதும் அந்த நம்பிக்கை போதவில்லை. பிரிட்டனில் ஒவ்வொரு உருக்காலையும் தன் இஷ்டத்துக்கு அளவு வைத்தது. 1901இல் அங்கே பொறியியல் நியமக் குழு அமைக்கப்பட்டது. அதன் முதல் வேலைகளில் ஒன்று, 75 வகையாக இருந்த டிராம் தண்டவாளங்களை 5 ஆகக் குறைத்தது. அதன் பின் ஒவ்வொரு நாடும் தன் நியமங்களை எழுதியது. இங்கே 1964இன் சட்டத்தின் கீழ் தொடங்கிய இலங்கை நியமப் பணியகம்தான் 1984இன் சட்டத்தால் இன்றைய இலங்கை கட்டளைகள் நிறுவனமாயிற்று. எஸ்.எல்.எஸ். முத்திரை அதனுடையது.

பெயர் வைக்க மூன்று வழிகள்

உலகில் உருக்குப் பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் பெயர் வைக்கும் வழிகள் மூன்றுதான்.

முதலாவது, எவ்வளவு தாங்கும் என்பதைப் பெயராக வைப்பது. கட்டடக் கம்பிக்கு இதுதான் வழக்கம். இலங்கையில் வரிக் கம்பிக்கான நியமம் எஸ்.எல்.எஸ். 375. அதில் ஆர்.பி. 500 என்ற தரம் உண்டு, ஆர்.பி. என்றால் வரிக் கம்பி. இந்தியாவில் ஐ.எஸ். 1786 நியமத்தின் கீழ் எப்.ஈ. 415, எப்.ஈ. 500, எப்.ஈ. 550 என்று வரும், எப்.ஈ. என்பது இரும்பின் இரசாயனக் குறியீடு. பிரிட்டனில் முன்பு கிரேட் 460. இப்போது பி 500.

இரண்டாவது, உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பெயராக வைப்பது. இயந்திரப் பாகங்களுக்கான உருக்கில் இதைப் பார்க்கலாம். ஜேர்மனியின் சி 45, அமெரிக்காவின் 1045, ஜப்பானின் எஸ் 45 சி மூன்றும் ஏறக்குறைய ஒரே பொருள். மூன்றிலும் வரும் 45, நூற்றுக்கு 0.45 பங்கு கரி இருப்பதைச் சொல்கிறது. கரி கூடினால் உருக்கு கடினமாகும். வளைக்கவும் ஒட்டவும் சிரமமாகும். 0.25 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மென்னுருக்கு. 2 சதவீதத்தைத் தாண்டினால் அது வார்ப்பிரும்பு; சம்மட்டியால் அடித்தால் உடையும்.

மூன்றாவது, வெறும் வரிசை இலக்கம். செக்ரோல் இலக்கம் மாதிரி: இலக்கத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது, பதிவேட்டைத் திறந்தால்தான் தெரியும். பதுளையில் லேத் பட்டறைக்குப் போய் தேயிலை ரோலருக்குத் தண்டு கடையச் சொன்னால் "ஈ.என். 8 போடவா?" என்று கேட்பார்கள். அந்த ஈ.என். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டன் வைத்த அவசர இலக்கம் என்று விளக்கப்படுகிறது. போர்த் தளபாடம் செய்யும் அவசரத்தில் உருக்கு வகைகளைச் சுருக்கி இலக்கமிட்டார்கள். பின்னாளில் அதே உருக்குக்கு 080எம்40 என்று விளக்கமான பெயர் வந்தது. 080 என்றால் மங்கனீசு 0.80 சதவீதம், 40 என்றால் கரி 0.40 சதவீதம். ஆனால் போர்க்காலப் பெயர்தான் பட்டறைகளில் இன்றும் வாழ்கிறது. சட்டிபானைகளின் 304 என்பதும் இதே வகை வரிசை இலக்கம்தான். அதை 18/8 என்றும் எழுதுவார்கள்: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல்.

500 என்றால் எவ்வளவு?

அத்தைக்கு நான் சொல்ல முடியாமல் போனது இதுதான். ஆர்.பி. 500இல் வரும் 500, கம்பியின் ஒரு சதுர மில்லிமீற்றர் எத்தனை நியூட்டன் இழுப்பைத் தாங்கும் என்ற கணக்கு. 500 நியூட்டன் என்பது ஏறக்குறைய 51 கிலோ பாரம். 10 மில்லிமீற்றர் கம்பியின் வெட்டுமுகம் 78.5 சதுர மில்லிமீற்றர். பெருக்கிப் பார்த்தால் ஒரு தனிக் கம்பி ஏறக்குறைய 4,000 கிலோவைத் தாங்கும். நாளுக்கு 18 கிலோ கொழுந்து பறிக்கும் ஒருவர் 222 நாட்களில் பறிப்பது அவ்வளவு. அதே பருமனில், 250 தரத்து வழுவழுப்பான பழைய மென்னுருக்குக் கம்பி 2,000 கிலோவைத்தான் தாங்கும். இரண்டும் கண்ணுக்குக் கம்பிதான். பாரத்தில் ஒன்று மற்றதில் பாதி.

இங்கே "தாங்கும்" என்றால் அறுந்து போகும் எல்லை அல்ல. கம்பியை இழுத்தால் முதலில் றப்பர் போல மிக இலேசாக நீண்டு, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். ஒரு எல்லைக்கு மேல் இழுத்தால் திரும்பாது, நீண்டது நீண்டதுதான். 500 குறிப்பது அந்தத் திரும்ப முடியாத எல்லையை. அதைத் தாண்டிய பிறகும் கம்பி இன்னும் கொஞ்சம் நீண்டுதான் அறும்.

அந்தக் "கொஞ்சம் நீளுதல்" முக்கியம். இந்திய நியமத்தில் எப்.ஈ. 500 கம்பி அறுவதற்கு முன் குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும். எப்.ஈ. 500 டி என்றால் 16 சதவீதம். பலம் ஒன்று, இறுதியில் வரும் "டி" கூடுதலாக நீளும் என்பதற்கு. பிரிட்டனின் 500 ஏ, 500 பி, 500 சி என்ற எழுத்துகளும் இதே விஷயத்தைத்தான் சொல்கின்றன. சி அதிகம் நீளும். நீளும் கம்பி போட்ட தட்டு விழப்போகும் முன் தொய்யும், வெடிக்கும், நம்மை வெளியே ஓடச் சொல்லும். நீளாத கம்பி எச்சரிக்காமல் அறும். நிலம் நகரும் மலைச்சரிவில் வீடு கட்டுகிறவர் அந்தக் கடைசி எழுத்தையும் பார்க்க வேண்டும்.

இலக்கத்தை மட்டும் நம்பக் கூடாது

ஜப்பானின் எஸ்.எஸ். 400 என்ற உருக்கைப் பாருங்கள். 400 என்பதால் இந்தியாவின் எப்.ஈ. 415க்குக் கிட்ட இருக்கும் என்று நினைப்போம். ஆனால் அந்த 400 அறும் எல்லை. திரும்ப முடியாத எல்லை சுமார் 245தான். அமெரிக்கக் கம்பியில் "கிரேட் 60" என்றிருக்கும். அது மட்டமானதல்ல. அவர்கள் சதுர அங்குலத்துக்கு எத்தனை ஆயிரம் இறாத்தல் என்று எண்ணுகிறார்கள். நமது கணக்கில் அது 420. ஆகவே "எத்தனை?" என்று கேட்டால் மட்டும் போதாது, "எந்த நாட்டு நியமம்?" என்றும் கேட்க வேண்டும்.

டோர் கம்பி என்ற பெயரும் இப்படித்தான். அது ஒரு காலத்தில் குளிர்ந்த நிலையில் முறுக்கிச் செய்த கம்பியின் பெயர். இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சூடாக உருட்டி வெளியே வரும்போதே தண்ணீர் பாய்ச்சிக் குளிரவைக்கப்பட்டவை. வெளித்தோல் கடினம், உட்பக்கம் மென்மை. பலம் அந்தத் தோலில் இருக்கிறது. இதனால்தான் இந்தக் கம்பியை நெருப்பில் காய்ச்சி வளைக்கக் கூடாது. காய்ச்சினால் தோலின் கடினம் போய்விடும், எழுதிய 500 எழுத்தில் மட்டும் மிஞ்சும்.

இன்னொன்று, கம்பி எதிலிருந்து வந்தது என்பது. ஒறுவளையில் சோவியத் உதவியோடு அமைந்த இலங்கை உருக்குக் கூட்டுத்தாபனத்தின் காலம் தொட்டு, இங்குள்ள ஆலைகள் இறக்குமதி செய்த உருக்குத் துண்டங்களையும் பழைய இரும்பையும் நம்பியே இயங்குகின்றன. 2009க்குப் பிறகு வன்னியிலிருந்து எரிந்த வாகனங்கள் பழைய இரும்பாக லொறிகளில் ஏற்றப்பட்டதை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். பழைய இரும்பை உருக்குவதில் தவறில்லை. உலகின் பல ஆலைகள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் வாகனத்தின் வயர்களோடும் மோட்டர்களோடும் சேர்ந்து உருகும் செம்பு பிறகு பிரியாது, உருக்கிலேயே தங்கிவிடும். அது கூடினால் கம்பி வெடிப்பு விடும். நியமங்கள் இழுத்துப் பார்ப்பதோடு நிற்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்றும் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

'உருக்கு வீடு' சொல்லாமல் விட்டது

பெயரை மட்டும் கேட்டுவிட்டு விவரத்தை விட்டால் என்ன நடக்கும் என்பதை வடகிழக்கு ஒரு தடவை பார்த்தது. யுத்தத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 65,000 பொருத்து வீடுகளை உருக்கினால் அமைக்கும் திட்டம் 2015, 2016இல் ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தோடு பேசப்பட்டது. ஒரு வீட்டின் செலவு 20 இலட்சம் ரூபாவைத் தாண்டியது. அதற்கு முன் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடகிழக்குப் பயனாளி ஒருவருக்கு 550,000 ரூபா கொடுக்கப்பட்டு, மக்களே கல்லும் சீமெந்தும் வாங்கிக் கட்டியிருந்தார்கள். வெக்கை தாங்குமா, கடற்காற்றில் துரு பிடிக்குமா, எத்தனை வருடம் நிற்கும், பின்னாளில் ஒரு அறை கூட்டிக் கட்டலாமா என்று பொறியியலாளர்களும் தமிழ் அரசியல் பிரதிநிதிகளும் மக்களும் கேட்டார்கள். திட்டம் அறிவித்தபடி நடக்கவில்லை.

அந்தக் கேள்விகளில் பாதி, இந்தக் கட்டுரையின் கேள்விகள்தான். உருக்கு வீடு என்ற சொல் எந்தத் தரம், எவ்வளவு தடிப்பு, மேலே எவ்வளவு நாகம் என்று எதையும் சொல்வதில்லை. நாகத்துக்கும் தரப் பெயர் உண்டு. தகரத்தில் இசட் 275 என்றிருந்தால் ஒரு சதுர மீற்றர் தகட்டின் இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் நாகம் பூசியிருக்கிறது என்று பொருள். இசட் 120 என்றால் அதில் பாதிக்கும் குறைவு, துருவும் அதற்கேற்ப சீக்கிரம் வரும். கேஜ் கணக்கில் இலக்கம் கூடினால் தகரம் மெல்லியது. 32 கேஜ் 28ஐ விட மெல்லியது. லயன் கூரையில் வருடா வருடம் ஓட்டை அடைப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

கடைக்குப் போகும் முன்

கம்பியில் நியம இலக்கம், தரம், பருமன், ஆலையின் பெயர் ஆகியவற்றைத் தேடுங்கள். புடைப்பாக இல்லாவிட்டால் கட்டோடு வந்த அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டில் வெறுமனே "கம்பி" என்று எழுத விடாதீர்கள்; தரத்தையும் பருமனையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு முறையிட அந்தத் துண்டுதான் கையில் இருக்கும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977.

பருமனைத் தராசில் பிடிக்கலாம். கம்பியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீற்றரின் நிறை கிலோவில் வரும். 10 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 0.617 கிலோ; 6 மீற்றர் துண்டு 3.7 கிலோ. 12 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 0.888 கிலோ, 6 மீற்றர் துண்டு 5.3 கிலோ. சில சதவீதம் கூடிக் குறைவதை நியமங்களே அனுமதிக்கின்றன. ஆனால் "பத்து" என்று விற்ற துண்டு 3 கிலோதான் நின்றால் அது உண்மையில் 9 மில்லிமீற்றர் கம்பி. பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது.

தோட்டத்து வீட்டை நீங்களே கட்டவில்லை, திட்டத்தில் கட்டித் தருகிறார்கள் என்றால்? ஊவா, மத்திய மாகாணத் தோட்டங்களுக்கு இந்திய உதவியில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் அப்படியானவை. அரச நிறுவனங்கள் சம்பந்தப்பட்ட எந்தத் திட்டத்திலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொருட்களின் விவரக்கூற்றையும் சோதனை அறிக்கையையும் கேட்கலாம். தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். கம்பியைச் சோதிக்கத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வுகூடம் இருக்கிறது.

அதே நிறுவனத்திடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு: இந்த இடத்தில் வீடு கட்டலாமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மூடியது மலை. அது ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. அப்படி இறங்கும் மண்ணை எந்தத் தரக் கம்பியும் நிறுத்தாது. நல்ல கம்பி, நல்ல நிலத்தில் நிற்கும் வீட்டுக்குத்தான் காவல். பாதுகாப்பான காணி என்ற கோரிக்கையை 500 என்ற இலக்கத்தால் ஈடுகட்ட முடியாது.

போன மாதம் அத்தை மறுபடி அதே கடைக்குப் போனார், தட்டுக்கு மீதிக் கம்பி வாங்க. நானும் போனேன். இந்த முறை அவர் விலை கேட்கும் முன் ஒரு துண்டைக் காட்டி, "இத தராசுல போடுங்க மொதலாளி" என்றார். கடைக்காரர் சிரித்தார். "கம்பிய யாரும் நிறுத்து வாங்குறதில்லையே அக்கா."

"முப்பது வருஷமா என் கொழுந்த நீங்க எல்லாரும் நிறுத்துத்தான் எடுத்தீங்க" என்றார் அத்தை. "இன்னைக்கு நான் நிறுத்து வாங்குறேன்."

3 கிலோ 650 கிராம் காட்டியது. போதும் என்று தலையை ஆட்டி, பற்றுச்சீட்டில் தரத்தையும் எழுதச் சொல்லிவிட்டு, காசை எண்ணிக் கொடுத்தார்.